வலப்பக்கத்துக் கடல்

சம்பந்தியாக வரப்போகிற மனுசனைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டுப் பெண்சாதி சுகிர்தம் தான் முன்னால் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்ட நேரத்தில் இருந்தே பரராசசிங்கத்துக்கு மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கண் றோட்டில் இருக்கிறது, மனம் மட்டும் திரும்பத் திரும்பப் போய் அந்தக் கதவடியில் நின்றது. சே, என்ன வேலை செய்துபோட்டா இந்த மனுசி! யாரை எங்கே இருத்துவது, யாருக்கு முதல் தேத்தண்ணி நீட்டுவது, எந்த வீட்டில் எந்தக் கதையை எடுக்கக் கூடாது என்று கிறிஸ்தியான்சுண்டில் இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் புத்தி சொல்லக் கூடியவ. அவ போய் இப்படிச் செய்யலாமா? ரொறன்ரோவில் இருந்து பிளேன் மாறி மாறி வந்த மனுசன். மகள் ஆரணியைக் கட்டப்போகிற பெடியனின் தகப்பன், நாகேந்திரம். பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் எப்பவோ முடிவெடுத்துவிட்டதுகள்தான். என்றாலும் ஒரு முறை இருக்கிறதல்லவா? பெண்சாதியை இழந்த மனுசன் தனியாக வெளிக்கிட்டு வந்து, வீடு வாசல் பார்த்து, இருந்து சாப்பிட்டு, வாய் நிறையச் 'சம்பந்தி' என்று ஒரு சொல்லுச் சொன்னால்தான் காரியம் ஒப்பேறினதாக அர்த்தம். அந்தச் சொல்லு இன்னும் வரவில்லை. வந்த நாளில் இருந்து 'மிஸ்டர் பரராசசிங்கம்' 'மிஸ்டர் பரராசசிங்கம்' என்றுதான் கூப்பிடுகிறார், பாங்கில் வரிசையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போல. இந்த நிலைமையில் பரராசசிங்கம் தானே இறங்கிப் போய், முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று நிற்கிறார். இடையில் புகுந்தா சுகிர்தம். "அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்குப் பின்னால இருந்தா வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்." சொல்லிக்கொண்டே ஏறி இருந்துவிட்டா. சத்தியாம் சத்தி! இத்தனை வருசத்தில் இந்த மனுசி காரில் சத்தி எடுத்ததை யார் கண்டது? ஒஸ்லோவுக்குப் போகிற அவ்வளவு தூரமும் பின் சீட்டில் சுருண்டு படுத்துக் குறட்டை விடுகிறவ.

கார் கடலுக்குக் கீழே போகிற சுரங்கத்துக்குள் இறங்கியது. பட்டினத்தைத் தாண்டினால் முதலில் இந்தச் சுரங்கம், அதற்கு அங்கால் ஒரு பெரிய தீவு, அந்தத் தீவின் மற்றக் கரையில்தான் பேர்பெற்ற கடல்வீதி. சின்னச் சின்னத் தீவுகளைப் பாலங்களால் கோத்துக்கொண்டு போகிற வீதி. சுரங்கத்துக்குள் வந்தால் அவருக்கு இப்பவெல்லாம் நெஞ்சு பதறுகிறது. இடப்பக்கச் சுவரில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருகின்றன. வலப்பக்கம்... வலப்பக்கத்தைப் பற்றி இன்றைக்கு நினைப்பதில்லை என்று வெளிக்கிடும்போதே முடிவெடுத்திருந்தார். முடிவெடுத்தால் மட்டும் நினைப்பு வராமல் விடுமா? மாசி மாதம் ஒரு காலை, பல் தீட்டிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணாடியில் தன் முகத்தில் ஒரு பாதியைக் காணாமல் திகைத்துப்போனார். இருட்டு இல்லை, புகை இல்லை, அந்தப் பாதி சும்மா இல்லை, அவ்வளவுதான். தலையை அந்தப் பக்கம் திருப்பினார். காது வந்தது, மீசை வந்தது. நேரே பார்த்தார், திரும்பப் போய்விட்டது. டாக்குத்தர் ஒரு இளம் பெட்டை. கண்ணில் ஒரு பிழையும் இல்லை, தலைக்குள் வலப்பக்கத்தைப் பார்க்கிற இடத்தில் இரத்தம் அடைத்துவிட்டது, நல்ல காலம் இவ்வளவோடு போனது, குளிசையைப் போடு, கார் ஓடாதே, இலையுதிர் காலத்தில் வா, திரும்பப் பார்ப்போம் என்றாள். கார் ஓடாதே என்பதை உப்பைக் குறை என்பது போலத்தான் சொன்னாள். அவரும் ஓம் என்றார். வீட்டுக்கு வந்து, குசினியில் நின்ற சுகிர்தத்திடம் "கண்ணாடி மாத்த வேணுமாம்" என்றார். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்தார். நாளைக்கு என்ற நாள் வந்தால்தானே. கடைக்கு ஓடினார், ஒன்றும் நடக்கவில்லை. கோயில் மண்டபத்துக்கு ஓடினார், ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் வருகிற வாகனம் எல்லாம் இந்த நாட்டில் இடப்பக்கத்தால்தானே வருகிறது, ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தானே, அதெல்லாம் வடிவாகத் தெரிகிறதுதானே, வலப்பக்கத்தில் அப்படி என்ன கிடக்கிறது, வேலியும் புல்லும். இடைக்கிடை கழுத்தைத் திருப்பினால் போச்சு. இப்படியே தனக்குத்தானே கதை சொல்லிச் சொல்லி ஆனி மாதம் மட்டும் கொண்டுவந்து விட்டார். கார் ஓடாத பரராசசிங்கம் என்று ஒரு ஆளை அவருக்குத் தெரியாது. அந்த ஆளோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்றும் தெரியாது.

சுரங்கம் மேலே ஏறி வெளிச்சம் முகத்தில் அடித்தது. "அங்க பாருங்கோ அண்ணை, வலப்பக்கம் செம்மறியள். ஒண்டு வேலிக்கு வெளியில நிக்குது." தொடங்கிவிட்டா சுகிர்தம். கல்யாணம் கட்டி இத்தனை காலத்தில் காரில் ஏறினால் ஒன்றில் நித்திரை, ஒன்றில் வாய்க்குள் தேவாரம், அதுதான் அவ. இந்தப் பங்குனி, சித்திரையில் இருந்துதான் வாய் இப்படித் திறந்துகொண்டது. "ஒரு மனுசி நாயோட போறா, நாய் றோட்டுப் பக்கம் இழுக்குது." "தபால் பெட்டியடியில ஒரு ட்றக்டர் வெளிக்கிடப் பாக்குது." "முன்னுக்கு ரெண்டு சைக்கிள்காரர், ஆடி ஆடிப் போயினம்." என்ன பேச்சு இது? நாயையும் ட்றக்டரையும் காணாத மனுசனா நாகேந்திரம்? ஒவ்வொன்றுக்கும் பரராசசிங்கத்தின் கால் தன்பாட்டில் பிறேக்கில் மெல்ல ஏறி இறங்கியது. அவர் அதை ஒரு விசயமாக எடுக்கவில்லை. வயது போகப் போகப் பொம்பிளையளுக்கு வாய் நீளும் என்று எங்கேயோ யாரோ சொன்னது உண்மைதான் போல. வாய் மட்டுமா? ஒரு பெட்டி பால் வாங்கப் போனாலும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறா. வேலையை விட்டு ஓய்ந்த மனுசனைத் தனிய ஒரு இடம் போக விடுகிறாவா? காரில் ஏறினால் கட்டாயம் முன் சீட். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கூத்து, அவர் பாதி சாப்பிட்டு முடிய வந்து சோற்றுக் கோப்பையைச் சுற்றித் திருப்பி வைப்பா. ஏனப்பா என்றால், "சும்மா, மேசை வழுக்குது." பின்னால் இருந்து நாகேந்திரம் சிரித்தார். "மிஸ்டர் பரராசசிங்கம், உங்கட மிஸிஸ் இருக்கேக்கை எங்களுக்குக் கைட் தேவையில்லை." மனுசன் நல்லதற்குச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா? முன்னால் ஏறி இருந்ததை மனதில் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரியும் இருந்தது. பின் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கலாம் என்றால் அந்த மனுசன் சுகிர்தத்துக்குப் பின்னால் அல்லவா இருக்கிறார், அந்த மூலை கண்ணாடியில் கிடைக்கவில்லை. குரல் மட்டும்தான் வந்தது.

கடல்வீதி தொடங்கியது. பாறைகள், அதன் மேல் கொஞ்சப் புல்லு, அதற்கு அங்கால் கடல், திரும்பவும் பாறை. முதல் பாலம் வந்ததே தெரியாமல் ஏறி இறங்கிவிட்டது. "ஆஹா" என்றார் நாகேந்திரம். அந்த ஆஹாவுக்காகத்தான் பரராசசிங்கம் இந்த வீதிக்கு ஆட்களைக் கூட்டி வருவது. லண்டனில் இருந்து வந்த மச்சான், பாரிசில் இருந்து வந்த சுகிர்தத்தின் தமக்கை குடும்பம், யார் வந்தாலும் அடுத்த நாள் காலை றோல்ஸையும் பிளாஸ்கில் தேத்தண்ணியையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவார். எல்லாருடைய அல்பத்திலும் இந்தப் பாலங்கள் உண்டு, படம் எடுத்தவர் அவர் என்றபடியால் ஒன்றிலும் அவர் இல்லை. இந்த வீதிக்கே அவர்தான் மணியகாரன் என்று சுகிர்தம் பகிடி பண்ணுவா. வந்த புதிதில் ஊர்ப் பெடியள் கொஞ்சப் பேரோடு மீன் தொழிற்சாலை வான் ஒன்றில் ஏறி வந்து பார்த்தவர். அந்தத் தொழிற்சாலை வேலையையும் சொல்ல வேண்டும். உப்புப் போட்டு மீன் காயவைக்கிற வேலை. கருவாட்டு ஊரில் பிறந்து, கப்பல் ஏறி, பிளேன் ஏறி, எல்லைகள் தாண்டி வந்து, அடி சறுக்கிற குளிருக்குள் நின்று கருவாடு போட்டான் என்று தன்னைத் தானே சொல்லிச் சிரிப்பார். "நீங்கள் தீவுப் பகுதி எல்லோ, உங்களுக்கு உதெல்லாம் புதினமில்லை" என்றார் நாகேந்திரம். வடமராட்சி மனுசன். தீவார் என்று சொல்லுகிறபோது அந்தப் பகுதி ஆட்களுக்கு வாயில் ஒரு சின்ன வளைவு வரும், அது வந்ததா இல்லையா என்று பரராசசிங்கத்துக்குத் தெரியவில்லை. "ஓமோம், எங்கட இடத்திலயும் கடலுக்கை றோட்டு இருக்குத்தானே" என்று மட்டும் சொன்னார். சொன்னதுதான் பிழையாகப் போய்விட்டது. அந்தத் தாம்போதி வந்து மனதில் குந்திக்கொண்டது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், நடுவில் கல்லுப் போட்ட ஒடுங்கின வீதி, சைக்கிள் கரியரில் மண்ணெண்ணெய்க் கான், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசு. பின்னால் வந்த லொறி அவரைக் காணவில்லை. இடித்ததா, உரசினதா, காற்றுத்தான் தள்ளினதா, இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. சைக்கிளோடு கடலுக்குள் கிடந்தார், வாய்க்குள் உப்பும் மண்ணெண்ணெயும். லொறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த மனுசனின் சாரம் அவிழ்ந்து போயிருந்தது, அதைக் கட்டக்கூடக் கை விளங்கவில்லை அவருக்கு. "நான் காணேல்லை ராசா, சத்தியமா நான் காணேல்லை" என்று அழுதார். பெரிய மனுசன் ஒருத்தர் அப்படி அழுவதைப் பார்த்துச் சிறுவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு காணேல்லையாமே என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இப்ப அந்த மனுசனின் முகம் ஏன் வருகிறது? போ, போ. கழுத்தைத் திருப்பிப் பார். ஒன்றுமில்லை, கம்பிதான் ஓடுகிறது. நேரே பார். நேரே பார்த்தால் வலப்பக்கம் இல்லை.

"வலப்பக்கம் கார் நிப்பாட்டுற இடம், ஒரு பஸ் பின்னுக்கு வரப் பாக்குது" என்றா சுகிர்தம். பிறேக். பஸ் போனது. "இனி ஒண்டுமில்லை, பாறையள்தான்." நாகேந்திரம் பின்னால் ஏதோ தடவித் தேடுகிற சத்தம் கேட்டது. "தங்கச்சி, இதை உங்களுக்குக் காட்ட வேணும் எண்டு வந்த நாள் துவக்கம் நினைச்சுக்கொண்டிருக்கிறன்" என்று மனுசன் முன்னால் சரிந்து போனை நீட்டினார். "என்ர மனுசி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் கிழமை எடுத்தது. இருந்திருந்தா இந்தச் சம்பந்தத்துக்கு அவதான் வந்திருப்பா. நான் இப்பிடியான இடங்களில கதைச்சுப் பழக்கமில்லாதவன்." அப்படி ஒரு படத்தை ஒருத்தர் நீட்டுகிறபோது யாரால் திரும்பாமல் இருக்க முடியும்? சுகிர்தம் உடம்பைத் திருப்பி இரண்டு கையாலும் வாங்கினா. "எவ்வளவு வடிவா இருக்கிறா. சிரிப்பு அப்பிடியே உங்கட மகன்ர சிரிப்பு" என்று சொன்னா. பரராசசிங்கத்துக்கு ஒரு நிமிசம் மனம் குளிர்ந்தது. சம்பந்தம் என்று சொல்லிவிட்டாரே மனுசன், இனிச் சம்பந்தி என்று சொல்ல எவ்வளவு நேரம்? தூண்டில்காரர் நிற்கிற பாலம் வந்தது, ஓரத்தில் அவர்களுக்கென்றே நடைபாதை போட்டிருக்கிற பாலம். அதில் ஏறினார், இறங்கினார், இனி அடுத்ததுதான் பெரிய பாலம். தூரத்திலேயே தெரிந்தது. மேலே மேலே வளைந்து ஏறி, பாதியில் வெட்டி விட்டது போல வானத்தில் போய் நிற்கிற பாலம். பெரிய பாலத்தடியில் இறக்கி இரண்டு பேரையும் நிறுத்தி ஒரு படம், பிறகு றோல்ஸ், பிறகு... காருக்குள் ஒரு அமைதி இருந்தது. என்னடா இது, எதுவோ குறைகிறதே என்று அவருக்குத் தோன்றியது. என்ன குறைகிறது என்று பிடிபட முதல் வலப்பக்கத்தில் படீர் என்று ஒரு சத்தம்.

பிறேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. சுகிர்தத்தின் கையில் இருந்த போன் காலடியில் விழுந்தது. றோட்டில் ஒரு வெள்ளை வாளி உருண்டு உருண்டு போய் மற்றக் கரைக் கம்பியில் முட்டி நின்றது. அது உருண்ட வழியெல்லாம் மீன். இன்னும் துடிக்கிற மீன். கழுத்தைத் திருப்பினார், கதவு வந்தது, கண்ணாடி வந்தது, கடைசியில் ஒரு கிழவன் வந்தான். மஞ்சள் மழைக்கோட்டு, உயரமான வெள்ளைக்காரக் கிழவன். வாளியின் பிடியைப் பிடித்த கை இன்னும் பிடித்தபடியே இருந்தது, வாளிதான் இல்லை. விழவில்லை. இரத்தம் இல்லை. கார்க் கண்ணாடி வாளியில்தான் பட்டிருக்கிறது. ஒரு சாண் இஞ்சால வந்திருந்தால் அந்தக் கையில், அதற்கு இஞ்சால வந்திருந்தால்... சுகிர்தம் கதவைத் திறந்து இறங்கினா. "நீங்கள் காரை ஓரமாக்குங்கோ" என்றா, அவ்வளவுதான். அவர் எப்படியோ உருட்டிப் போய், பாறையோடு ஒட்டின ஒதுக்கிடத்தில் நிறுத்தினார்.

இடப்பக்கக் கண்ணாடியில் அவ தெரிந்தா. சம்பந்திக்காகக் கட்டின நல்ல பச்சைச் சேலை, அதற்கு மேல் காற்றுக்குப் போட்ட ஜக்கெட். கிழவனிடம் கையைப் பிடித்து ஏதோ சொன்னா. பிறகு குனிந்து றோட்டில் கிடந்த மீனை ஒவ்வொன்றாகப் பிடித்து வாளிக்குள் போட்டா. ஒன்று கைக்குள் நிற்காமல் வழுக்கித் துள்ளியது, முந்தானையால் அமத்திப் பிடித்தா. பரராசசிங்கம் அதைப் பார்த்தபடி இருந்தார். என்ன குறைந்தது? அவ பேசாமல் விட்டா, அதுதான் குறைந்தது. அவ அந்தப் பக்கம் திரும்பி, பேச்சை விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. ஐயோ. செம்மறி, நாய், ட்றக்டர், சைக்கிள்காரர். ஒன்றும் இடப்பக்கத்தில் நிற்கவில்லையே! இந்த நாலு மாதமாக அவ காட்டின ஒரு பூவாவது, ஒரு நாயாவது இடப்பக்கத்தில் நின்றதா? பால் வாங்கப் போகிறபோது மாட்டின சப்பாத்து, முன் சீட், கோப்பையைத் திருப்பி வைத்த கை, சத்தி வரும் என்று சம்பந்தி முன்னால் சொன்ன பொய். வாய் நீண்டுபோச்சு என்று நினைத்தாரே. அதையும் வாய்விட்டே ஒரு நாள் சொன்னாரே, "கொஞ்சம் பேசாமல் வாருமப்பா" என்று. அன்றைக்கு ஒரு கிலோமீற்றர் பேசாமல் வந்துவிட்டு, பிறகு மெல்ல, "உந்தப் பிள்ளை ஸ்கூட்டரில வடிவா ஓடுது, வலப்பக்கம்" என்றா. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, தெரிந்துகொண்டே விட்டுவைத்தாளே என்று. ஒருமையில் வந்துவிட்டது கோபம். பிறகு அந்தக் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு. இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்த லொறிக்கார மனுசனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

"வெயில் கண்ணுக்கை அடிச்சிருக்கும்" என்றார் நாகேந்திரம் பின்னால் இருந்து. மெதுவாகச் சொன்னார். மரியாதைக்குச் சொல்லுகிற குரல் அது. வானம் முழுக்க முகில்.

சுகிர்தம் வந்து கதவைத் திறந்து ஏறினா. கார் முழுக்க மீன் மணம். மூச்சு வாங்கினபடி, "பாவம், நல்ல மனுசன். தான்தான் நடைபாதையை விட்டு இறங்கினதாம். பிழை தன்னிலதானாம்" என்றா. அதுவும் பொய். அந்தக் கிழவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான் என்று பரராசசிங்கத்துக்குத் தெரியும். ஒளிந்துகொள்ள இப்ப இரண்டு இடம் இருக்கிறது, வெயில் ஒன்று, கிழவன் ஒன்று. எதற்குள் புகுந்தாலும் பெரிய பாலத்தைத் தாண்டிவிடலாம், படம் எடுத்துவிடலாம், றோல்ஸ் சாப்பிடலாம், அந்தச் சொல்லையும் வாங்கிவிடலாம். மகளின் முகம் வந்தது. சொன்னால் இந்த மனுசன் என்ன நினைப்பார்? ஊருக்குப் போய் என்ன சொல்லுவார்? துள்ளின மீன் ஒன்றின் செதில் சுகிர்தத்தின் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதை முழுக்கப் பார்க்க அவர் தலையை நன்றாகத் திருப்ப வேண்டி இருந்தது.

"வெயிலும் இல்லை, அந்த மனுசனிலயும் பிழையில்லை" என்றார். "எனக்கு மாசியில இருந்து வலப்பக்கம் தெரியாது. டாக்குத்தர் கார் ஓட வேண்டாம் எண்டு சொன்னவ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பிறகு பின் கதவு திறந்தது. நாகேந்திரம் இறங்கிப் போய்ப் பாறை விளிம்பில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று அவருடைய கோட்டைப் பின்னால் இழுத்தது.

"உமக்கு எப்ப தெரியும்?"

"கோப்பையில வலப்பக்கம் வைச்ச மீன் துண்டை விட்டிட்டு, இண்டைக்கு மீன் இல்லையோ எண்டு கேட்டீங்களே, அண்டைக்கு." அவ முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ. அப்படிக் கோப்பையில் ஒரு பாதியைக் காணாமல் விடுகிற ஆட்களுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொடுக்கிறவ.

"ஏனப்பா சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." சுகிர்தம் கையைத் துடைக்கத் துணி தேடினா, கிடைக்கவில்லை, மடியிலேயே துடைத்தா. "அந்தக் கிழவன்ர கையைப் பிடிக்கேக்கை அது நடுங்கினது. பிழை என்னிலயும் இருக்கு. எல்லாத்தையும் நான் பாத்துச் சொன்னாக் காணும் எண்டு நினைச்சிட்டன். அவர் அந்தப் படத்தை நீட்டுவார் எண்டு எனக்குத் தெரியுமே?" இப்பதான் அழுதா. சத்தம் இல்லாமல் அழுதா, முன்னால் இருக்கிற பாலத்தைப் பார்த்துக்கொண்டு.

பரராசசிங்கம் சாவியைக் கழற்றி எடுத்தார். "இஞ்சேரும். நீர் ஓடும்."

"நானோ? வேலைக்குப் போய் வாற றோட்டைத் தவிர நான் எங்க ஓடினனான்? உந்தப் பாலத்தைப் பாக்கவே தலை சுத்துது."

"எனக்கும் முதல் நாள் தலை சுத்தினதுதான். வாயைத் திறந்து சொல்லேல்லை, அவ்வளவுதான்."

அவ சிரித்தாவா அழுதாவா என்று தெரியவில்லை. இறங்கி இரண்டு பேரும் காரைச் சுற்றி வந்தார்கள், முன் பக்கத்தில் ஒருத்தரை ஒருத்தர் தாண்டினார்கள். அந்த நேரம் நாகேந்திரம் திரும்பி வந்தார். முகம் கல்லாக இருந்தது. முன் கதவடியில் நின்ற பரராசசிங்கத்துக்குப் பழைய முறை ஞாபகம் வந்து, "நீங்கள் முன்னுக்கு இருங்கோ" என்றார். நாகேந்திரம் ஏறவில்லை.

"இதை நீங்கள் வீட்டிலயே சொல்லியிருக்க வேணும்" என்றார்.

"ஓம்."

"சொல்லியிருந்தா நான் இந்தக் காரில ஏறியிருக்கமாட்டன்."

"ஓம்."

நாகேந்திரம் பின் கதவைத் திறந்து, முதல் இருந்த அதே இடத்தில் ஏறி இருந்தார். பரராசசிங்கம் முன்னால் ஏறினார். இந்தப் பக்கத்தில் இருந்து தன் காரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கால் வைக்கிற இடத்தில் அந்தப் போன் கிடந்தது. குனிந்து எடுத்துத் துடைத்தார், கண்ணாடி வெடிக்கவில்லை, படத்தில் அந்த மனுசி சிரித்துக்கொண்டிருந்தா. பின்னால் நீட்டினார். வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார் மனுசன். முடிந்தது, அந்தச் சொல்லு இனி வராது என்று நினைத்துக்கொண்டு பெல்ட்டைத் தேடினார். வலப்பக்கத் தோளுக்கு மேலே எங்கேயோ அது தொங்க வேண்டும். தடவினார், கதவுதான் வந்தது. திரும்பவும் தடவினார். சுகிர்தம் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் காத்திருந்தா. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

பின்னால் இருந்து ஒரு கை பெல்ட்டை இழுத்து அவருடைய கையில் வைத்தது.

"இந்தாங்கோ சம்பந்தி" என்றார் நாகேந்திரம். "கொழுவுங்கோ. தங்கச்சி, நீங்கள் ஆறுதலா ஓடுங்கோ, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."

பரராசசிங்கம் கொழுவினார். கார் மெல்ல வெளிக்கிட்டுப் பெரிய பாலத்தில் ஏறத் தொடங்கியது. சுகிர்தம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தா, உதடு அசைந்தது, தேவாரமாக இருக்க வேண்டும். அவ பேசாமல் வருவது அவருக்குப் பயமாக இருந்தது. "இடப்பக்கம் ஒரு வான் வருது" என்றார்.

"தெரியுது."

"அதுக்குப் பின்னால ஒரு மோட்டார் சைக்கிளும்..."

"இஞ்சாருங்கோ" என்றா சுகிர்தம், கண்ணை எடுக்காமல். "றோட்டை நான் பாக்கிறன். நீங்கள் கடலைப் பாருங்கோ."

எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார் இந்தக் கடலை! அந்த உச்சியில் ஏறுகிறபோது ஒரு தரமாவது அதை அவர் பார்த்தது கிடையாது, றோட்டில் அல்லவா கண். தலையைத் திருப்பினார். கதவு வந்தது. பாலத்துக் கம்பி வந்தது. இன்னும் திருப்பினார், கழுத்து நோகுமட்டும் திருப்பினார், கடல் வந்தது.